லோ யாட் பிளாசாவில் டாங்கிள் பார்க்கும் தம்பி

கோலாலம்பூர் மஸ்ஜிட் இந்தியா பக்கம் எம்ப்ராய்டரி கடை வைத்திருக்கிறேன். பள்ளிச் சின்னம், கோயில் கமிட்டி சட்டை, தைப்பூசம் நெருங்கினால் மஞ்சள் துணியில் வேல். டிசைன் போடும் சாஃப்ட்வேர் 2003-இல் 7,000 வெள்ளி (ரிங்கிட்) கொடுத்து வாங்கியது. அதற்குப் பூட்டு ஒரு சென்டினல் டாங்கிள். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிது. ஒரு பக்கம் 25 ஊசி, மறுபக்கம் 25 துளை. பிரிண்டர் போர்ட்டில் அது இருந்தால்தான் சாஃப்ட்வேர் திறக்கும். போன மாதம் பழைய விண்டோஸ் எக்ஸ்பி கம்ப்யூட்டர் ஒரேயடியாகப் படுத்துவிட்டது.

புது கம்ப்யூட்டரில் பிரிண்டர் போர்ட் கிடையாது. முதலில் போன கடையில், யுஎஸ்பியைப் பேரலல் போர்ட்டாக, அதாவது அந்தப் பழைய பிரிண்டர் போர்ட்டாக, மாற்றும் கேபிளை 45 வெள்ளிக்குத் தலையில் கட்டினார்கள். வேலை செய்யவில்லை. திரும்பப் போனால், "டாங்கிளே வேண்டாம், பூட்டை உடைத்துத் தருகிறோம்" என்றார்கள். காசு கொடுத்து வாங்கிய பொருளுக்கு நான் ஏன் கள்ளச்சாவி போட வேண்டும்? வந்துவிட்டேன்.

அப்புறம்தான் லோ யாட் பிளாசா என்ற கம்ப்யூட்டர் மாலின் மேல்மாடியில் இருக்கும் இந்தச் சின்ன ரிப்பேர் கடை. தம்பி டாங்கிளை வாங்கியதும், வளைந்திருந்த ஓர் ஊசியை இடுக்கியால் மெதுவாக நிமிர்த்தினார். "அக்கா, அந்தக் கேபிளுக்குப் பிரிண்டரோடு மட்டும்தான் பேசத் தெரியும். டாங்கிளை இயக்கும் டிரைவர் புரோகிராம் நேரா போர்ட் முகவரிக்கே போய்த் தேடும். பழைய கம்ப்யூட்டரில் அது 378. கேபிளில் அப்படி ஒரு முகவரியே கிடையாது" என்றார். இத்தனை வருஷத்தில் இதை எனக்கு யாரும் விளக்கிச் சொன்னதில்லை.

புது கம்ப்யூட்டரில் பேரலல் போர்ட் தரும் பிசிஐ எக்ஸ்பிரஸ் கார்டு ஒன்றை உள்ளே போட்டார். சிடியில் இருந்த பழைய டிரைவர் 64-பிட் விண்டோஸில் ஏறவில்லை. ரெயின்போ கம்பெனி செய்த சென்டினல் இப்போது தாலெஸ் கம்பெனி கையில் இருக்கிறதாம். 64-பிட்டுக்கான டிரைவரைத் தேடி இறக்கினார். அப்போதும் டாங்கிள் தெரியவில்லை. கார்டு 378-இல் இல்லாமல் வேறு முகவரியில் உட்கார்ந்திருந்தது. டிரைவர் செட்டிங்கில் அந்த முகவரியைச் சேர்த்து, கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டார். சாஃப்ட்வேர் திறந்தது. 2006-இல் நான் போட்ட பள்ளிச் சின்னம், நூல் நிறம்கூட மாறாமல் திரையில் வந்தது. கண் கலங்கிவிட்டது.

கார்டும் கூலியும் சேர்த்து 320 வெள்ளி. இரண்டு மத்தியானம் ஆனது. உட்கார நாற்காலி கிடையாது, அது ஒரு குறை. மஸ்ஜிட் ஜாமெக்கில் எல்ஆர்டி ரயில் ஏறி ஹங் துவாவில் இறங்கி நடக்கலாம். டாங்கிளோடு இன்ஸ்டால் சிடியையும் மறக்காமல் கொண்டு போங்கள். நான் அதற்காகவே ஒரு தடவை வீட்டுக்குத் திரும்ப வேண்டியதாகிவிட்டது.