பழைய சிஜி 125இல் கறுத்துப்போகும் பிளக்: நீண்டகாலப் பயன்பாட்டில் கண்டவை

மட்டக்களப்பில் ஹொண்டா சிஜி 125 மோட்டார் சைக்கிளைப் பல ஆண்டுகளாக ஓட்டிவருகிறேன். நகருக்குள் குறுகிய ஓட்டங்களும், வலையிறவுப் பாலம் கடந்து படுவான்கரைக் கிராமங்களுக்குச் செல்லும் நீண்ட ஓட்டங்களும் அதன் வழக்கமான வேலை. எளிமையான அந்த எஞ்சினை இன்றும் முழுமையாக நம்புகிறேன். ஆயினும் இந்த வயதுடைய எந்த வண்டியிலும், பெற்றோலைப் பற்றவைக்கும் பொறியைத் தரும் ஸ்பார்க் பிளக் கறுத்துப்போவது அடிக்கடி வரும் தொல்லைதான்.

காலையில் பல தடவை உதைத்த பின்பே ஸ்டார்ட் ஆகும்; மெதுவாகச் செல்கையில் விட்டுவிட்டு இழுக்கும்; புதிய பிளக் போட்டதும் சில நாட்களுக்கு எல்லாம் சரியாகிவிடும். அந்தச் சில நாட்கள்தான் பலரை ஏமாற்றுகின்றன. பிளக் என்பது வைத்தியரிடம் நீட்டிக் காட்டும் நாக்கைப் போன்றது. அதன் நிறத்தைப் பார்க்காமல் அதை மாற்றிக்கொண்டே இருப்பதில் பொருளில்லை.

முனை இளம்பழுப்பாக இருந்தால் குறையில்லை. கையில் ஒட்டும் உலர்ந்த கரி என்றால் பெற்றோல் மிஞ்சுகிறது, அல்லது காற்று போதவில்லை. ஈரமாகப் பளபளத்தால் பிஸ்டன் ரிங் அல்லது வால்வு வழியாக ஒயில் ஏறுகிறது. அதற்குப் பெற்றோலையும் காற்றையும் கலக்கும் காபரேட்டரைத் திருகிப் பயனில்லை. கரி மின்சாரத்தைக் கடத்துவதால், அது பிளக் முனையைச் சுற்றியுள்ள பீங்கானில் படிந்ததும் மின்சாரம் முனையிலுள்ள இடைவெளியைத் தாண்டிப் பொறியாகாமல் பக்கவாட்டில் கசிந்துவிடுகிறது. முனை சுமார் 450 பாகை செல்சியசைத் தாண்டினால்தான் படிந்த கரி தானாக எரியும் என்பதால், கல்லடியிலிருந்து சந்தைக்குப் போய்த் திரும்பும் குறுகிய ஓட்டங்கள் மட்டும் பிளக்கைச் சுத்தமாக வைத்திருக்கமாட்டா.

என் வண்டியில் இருந்தது உலர்ந்த கரி. படுவான்கரைப் புழுதி அடைத்த எயார் பில்டரைச் சுத்தம் செய்தேன்; ஸ்டார்ட் செய்கையில் காற்றைக் குறைக்கும் சோக் முழுமையாகத் திறப்பதையும் உறுதிசெய்தேன். ஓரளவு குறைந்தது, ஆனால் நிற்கவில்லை. பின்னர் கல்முனை வீதியில் அரை அக்சிலேற்றரில் சீராக ஓட்டி, கிளச்சைப் பிடித்தபடியே எஞ்சினை நிறுத்தி, ஓரமாக்கிப் பிளக்கைப் பார்த்தபோது அது நன்றாகக் கறுத்திருந்தது. அந்த நிலையில் பெற்றோலின் அளவைத் தீர்மானிப்பது காபரேட்டரின் ஊசியும் அது இறங்கும் துளையும்தான். ஆண்டுக்கணக்கில் உராய்ந்து துளை அகன்றுவிட்டால், ஊசியை ஒரு படி இறக்குவது தற்காலிக நிவாரணமே. ஊசியையும் அந்தத் துளையுள்ள ஜெட்டையும் ஒன்றாக மாற்றிய பிறகுதான் பிளக் பழுப்புக்குத் திரும்பியது.

இந்த வண்டிக்குரிய டி8இஏ வகைப் பிளக்குக்குப் பதிலாக, முனை கூடிய சூட்டில் இயங்கும் டி7இஏ வகையைப் போடும்படி சில கராஜ்களில் சொல்வார்கள். கரி குறையும் என்பது உண்மைதான். ஆனால் காரணம் மறைந்துவிடுமே தவிரத் தீராது. ஓகஸ்ட் வெயிலில் சுமையோடு நீண்ட தூரம் ஓடும் எஞ்சினுக்கு அது நல்லதுமல்ல என்பதால் நான் அதை ஏற்கவில்லை. கம்பித் தூரிகையால் அழுத்தித் தேய்ப்பதையும் தவிர்க்கிறேன். உலோகத் துகள் பீங்கானில் தங்கினால் அதுவும் மின்சாரத்தைக் கடத்தும்.

மாரிகாலத்தில் மட்டும் பொறி தடைப்பட்டால் முதலில் வயரைப் பிளக்குடன் இணைக்கும் பிளக் கப்பைக் கழற்றிப் பாருங்கள். கடற்காற்று வயரின் நுனியைப் பச்சையாக அரித்திருந்தால், அந்தச் சிறு துண்டை வெட்டி மீண்டும் திருகினால் போதும். பிளக்கைப் பூட்டும்போது இடைவெளியை 0.6 முதல் 0.7 மில்லிமீற்றருக்குள் வைத்து, முதலில் கையாலேயே இறுதிவரை திருகுங்கள். சிலிண்டர் ஹெட் அலுமினியம் என்பதால் தொடக்கத்திலேயே பிளக் சாவியைப் போட்டால் புரி எளிதில் கெட்டுவிடும்.