வைரஸ் எடுக்கக் கொடுத்தோம், அப்பாவின் ரப்பர் கணக்கு போய்விட்டது

மார்த்தாண்டம், தக்கலை, கருங்கல் பக்கம் இருப்பவர்கள் பழைய கம்ப்யூட்டரை 'வைரஸ் எடுக்க' என்று கடையில் கொடுக்கும் முன் இதை வாசித்துவிடுங்கள். கடையின் பெயரைப் போடவில்லை. புகார் கொடுத்திருக்கிறோம், அது முடியட்டும். தனியாக வந்து கேட்டாலும் சொல்ல மாட்டேன்.

வீட்டில் இருப்பது 2014-இல் வாங்கிய டெஸ்க்டாப். விண்டோஸ் 8.1 போட்டு வந்தது, பிறகு இலவசமாக 10 ஹோமுக்கு மாறியது. அப்பா ரப்பர் கணக்கு பார்ப்பது அதில்தான். எத்தனை ஷீட் போனது, பால் வெட்டுகிறவருக்குக் கொடுத்த கூலி எவ்வளவு, ஒட்டுப்பால் விற்ற காசு எவ்வளவு, எல்லாம் எக்செல்லில் இருக்கும். அக்கா கல்யாண போட்டோக்களும் அதில்தான்.

கொஞ்ச நாளாகத் திரையின் வலது கீழ் மூலையில் 'வைரஸ் தாக்கியுள்ளது' என்று ஆங்கிலத்தில் சிவப்பாக ஒரு பெட்டி வந்துகொண்டே இருந்திருக்கிறது. நான் ஊரில் இல்லை. அப்பா ஆட்டோவில் ஏற்றிக் கடைக்குக் கொண்டுபோய்விட்டார். ஆன் செய்து பார்த்த பையன், "சாரே, ஃபுல்லா வைரஸாக்கும். கிளீன் பண்ணி ஒரு வருஷத்துக்கு ஆன்டிவைரஸும் போட்டுத் தாறேன்" என்றிருக்கிறான். 2,400 ரூபாய். பில் கேட்டதற்கு விசிட்டிங் கார்டின் பின்பக்கத்தில் தொகையை எழுதிக் கொடுத்தார்கள்.

கம்ப்யூட்டர் வீட்டுக்கு வந்த அன்று இரவு அப்பாவிடமிருந்து போன்: "மக்ளே, போட்டோ ஒண்ணையும் காணல்லியே."

ஃபார்மேட் அடித்திருக்கிறார்கள், அதாவது டிஸ்க்கில் இருந்ததை எல்லாம் அழித்துவிட்டு விண்டோஸைப் புதிதாகப் போட்டிருக்கிறார்கள். அடிக்கும் முன் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கடைக்குப் போன் செய்தால், "வைரஸ்னா ஃபார்மேட்தானே சார், வேற என்ன செய்ய?" என்று என்னிடமே கேள்வி.

வேறு நிறையவே செய்யலாம். முதலில், அது வைரஸே இல்லை. கடைக்குப் போகும் முன் அப்பா அந்தப் பெட்டியைச் செல்போனில் படம் எடுத்து வைத்திருந்தார். அதன் அடியில் குரோம் என்றும் ஏதோ ஒரு இணையதளத்தின் முகவரியும் தெளிவாகத் தெரிகிறது. சில தளங்கள் உள்ளே நுழைந்ததும் 'நோட்டிஃபிகேஷன் அனுப்பலாமா' என்று கேட்கும். 'அலோ' என்று அழுத்திவிட்டால், அப்புறம் அந்தத் தளம் தினமும் இப்படி மிரட்டிக்கொண்டே இருக்கும். குரோம் செட்டிங்ஸில் 'பிரைவசி அண்ட் செக்யூரிட்டி', அதற்குள் 'சைட் செட்டிங்ஸ்', அதற்குள் 'நோட்டிஃபிகேஷன்ஸ்'. அங்கே அந்தத் தளத்தை நீக்கினால் வேலை முடிந்தது. ஒரு டீ ஆறுவதற்குள் முடிகிற வேலைக்குத்தான் ஹார்ட் டிஸ்க்கையே துடைத்திருக்கிறார்கள்.

அப்பாவிடம் உடனே ஆஃப் செய்யச் சொன்னேன். ஃபார்மேட் ஆன டிஸ்க்கில் புதிதாக எதுவும் எழுதப்படாதவரை பழைய ஃபைல்களில் பலவற்றை மீட்கலாம். ஊருக்கு வந்ததும் டிஸ்க்கைக் கழற்றி வேறு கம்ப்யூட்டரில் மாட்டி, போட்டோரெக் என்ற இலவச மென்பொருளை ஓடவிட்டேன். போட்டோக்கள் பெரும்பாலும் கிடைத்துவிட்டன. எக்செல் ஃபைல்கள் கொஞ்சம்தான் வந்தன, அவையும் பெயர் போய் வெறும் எண்களாக. எது எந்த வருஷக் கணக்கு என்று அப்பா இன்னும் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்துக்கொண்டிருக்கிறார்.

அதற்குப் பிறகுதான் கடைக்காரர்கள் புதிதாக என்ன போட்டார்கள் என்று பார்த்தேன். 'ஒரு வருஷ' ஆன்டிவைரஸ் உண்மையில் 30 நாள் டிரையல். கூடவே வேகத்தைக் கூட்டுகிறேன் என்று ஒரு பூஸ்டர். அது தானாகத் திறந்து, நூற்றுக்கணக்கான பிழைகள் இருக்கின்றன, பணம் கட்டு என்கிறது. வேண்டாத மென்பொருளை எடுக்கத்தானே ஐயா கொடுத்தோம்!

இதைவிட மோசம் ஒன்று இருந்தது. எங்கள் ஹோம் பதிப்புக்கு உரிமம் உண்டு. அதே ஹோமை மறுபடி போட்டு நெட்டில் இணைத்திருந்தால் தானாகவே ஆக்டிவேட் ஆகியிருக்கும். இவர்கள் புரோ பதிப்பைப் போட்டு, உரிமம் இல்லாமலே அதை ஓடவைக்க ஒரு திருட்டு ஆக்டிவேட்டரும் போட்டிருக்கிறார்கள். அது மாட்டிக்கொள்ளக் கூடாதே என்று விண்டோஸோடு வரும் ஆன்டிவைரஸான டிஃபென்டரின் 'எக்ஸ்க்ளூஷன்ஸ்' பட்டியலில் சி டிரைவ் முழுவதையும் சேர்த்துவிட்டார்கள். அந்தப் பட்டியலில் இருப்பதை டிஃபென்டர் சோதிக்காது. நிஜ வைரஸே வந்து உட்கார்ந்தாலும் ஸ்கேனில் ஒன்றும் இல்லை என்றுதான் வரும். கடையிலிருந்து வந்த கம்ப்யூட்டர் யார் வீட்டில் இருந்தாலும் இன்றைக்கே பாருங்கள்: விண்டோஸ் செக்யூரிட்டி, 'வைரஸ் அண்ட் த்ரெட் புரொடெக்ஷன்', 'மேனேஜ் செட்டிங்ஸ்', கடைசியில் எக்ஸ்க்ளூஷன்ஸ்.

நீங்களே வேண்டாததை எடுப்பதானால், முதலில் முக்கியமான ஃபைல்களை வெளியே ஒரு டிஸ்க்கில் நகல் எடுங்கள். பிறகு செட்டிங்ஸில் 'ஆப்ஸ்' பட்டியலை நிறுவிய தேதி வரிசையில் வைத்தால், தொல்லை தொடங்கிய நாளை ஒட்டி வந்தவை மேலே நிற்கும். 'அன்இன்ஸ்டால்' மூலமாகவே எடுக்க வேண்டும், ஃபோல்டரை மட்டும் அழித்தால் பாதி உள்ளேயே கிடக்கும். விஷுவல் சி பிளஸ் பிளஸ் என்று ஐந்தாறு வரிகள் இருக்கும், ரியல்டெக், இன்டெல் என்றும் இருக்கும். அவற்றைத் தொடாதீர்கள், மற்றவை அவற்றை நம்பித்தான் ஓடுகின்றன. பிரவுசரோடு ஒட்டிக்கொள்ளும் சின்ன மென்பொருள்களான எக்ஸ்டென்ஷன்களையும் பாருங்கள். கடைசியாக டிஃபென்டரில், விண்டோஸ் திறக்கும் முன்பே ஓடும் ஆஃப்லைன் ஸ்கேன் ஒன்று. விண்டோஸின் உள் பதிவுகளைச் சுத்தம் செய்கிறேன் என்று வரும் ரெஜிஸ்ட்ரி கிளீனர் எதுவும் வேண்டாம், மைக்ரோசாஃப்டே அவற்றை ஆதரிப்பதில்லை.

சில எச்சரிக்கைகளில் போன் நம்பர் இருக்கும். மைக்ரோசாஃப்டின் எச்சரிக்கையில் ஒருபோதும் நம்பர் வராது. அதற்கு அழைத்து, அவர்கள் சொன்னபடி எனிடெஸ்க் (தூரத்திலிருந்தே நம் கம்ப்யூட்டரை இயக்கும் மென்பொருள்) போட்டு, பணமும் போய்விட்டதென்றால் தாமதிக்காமல் சைபர் மோசடிக்கான உதவி எண் 1930-க்கு அடியுங்கள்.

எங்களுடையது அந்த வகை இல்லை, இது சேவைக் குறைபாடு. நுகர்வோர் உதவி எண்ணான 1915-இல் சொல்லிவிட்டு நாகர்கோவில் நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுத்தோம். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் புகாருக்குக் கட்டணம் கிடையாது, 2 வருஷத்துக்குள் கொடுக்க வேண்டும். பில் இல்லாவிட்டாலும் ஜிபேயில் பணம் போட்டது கைகொடுத்தது.

நேற்று கடையிலிருந்து அப்பாவுக்குப் போன் வந்தது. புகாரை வாபஸ் வாங்கினால் ஒரு வருஷம் ஃப்ரீ சர்வீஸாம். அதற்குச் சிஸ்டத்தை மறுபடி கடைக்குக் கொடுத்தனுப்ப வேண்டுமாம்.