வெண்புள்ளி நோய்க்கு எது ஏற்றது: காப்பரா, உப்புக் குறைப்பா, தொட்டி மாற்றமா?

கடல் மீன்களைத் தாக்கும் வெண்புள்ளி நோய்க்குக் காரணமான கிரிப்டோகாரியான் இரிட்டன்ஸ் என்னும் ஒட்டுண்ணி, மீனின் தோலிலும் செவுளிலும் புதைந்து உண்ணும் 3 முதல் 7 நாள் வரை எந்த மருந்துக்கும் எளிதில் அகப்படுவதில்லை. பிறகு அது மீனை விட்டு இறங்கி, மணலிலோ பாறையிலோ கூடு கட்டிப் பலவாகப் பிரிந்து, நீந்தும் இளம் உயிரிகளாக வெளியேறி அடுத்த மீனைத் தேடுகிறது. கோலாலம்பூரில் கடல் மீன் வளர்ப்போர் பேசும் மூன்று சிகிச்சைகளும் இந்தச் சுழற்சியை வெவ்வேறு இடத்தில் அறுப்பவை. ஆகவே நோய் இன்னதென்று அறியாமல் அவற்றை ஒப்பிடுவதில் பயனில்லை.

காப்பர் நீந்தும் பருவத்தைக் கொல்கிறது. அயனி வடிவக் காப்பர் என்றால் லிட்டருக்கு 0.15 முதல் 0.20 மில்லிகிராம் என்ற குறுகிய எல்லைக்குள், சுமார் 30 நாள் இடைவிடாமல் நிற்க வேண்டும். குறைந்தால் ஒட்டுண்ணி தப்பும், கூடினால் மீன் வாடும். வேறு சேர்மத்துடன் பிணைத்து விற்கும் பிணைப்புக் காப்பர் மருந்துகளுக்கு அளவு வேறு, அதற்குப் பொருந்தும் டெஸ்ட் கிட்டும் வேறு. பவளம், இறால், நத்தை எவற்றுக்கும் காப்பர் ஆகாது. நுண்ணுயிர்கள் குடியேறிய கடற்பாறையான உயிர்ப்பாறையும் மணலும் அதை உறிஞ்சிக்கொள்வதால் வெறுந்தொட்டியில்தான் சிகிச்சை நடக்க வேண்டும். அமோனியாவைக் கட்டும் திரவங்களை இதனுடன் சேர்ப்பது ஆபத்து. இத்தனை தொல்லை இருந்தும் காப்பருக்கு நான் முதலிடம் தரும் ஓர் இடம் உண்டு: மீன் மேல் உப்புத்தூள் போன்ற தனித்தனிப் புள்ளிகளுக்குப் பதிலாக மிக நுண்ணிய பொன்தூசு படிந்து, மீன் வேகமாக மூச்சு வாங்கினால் அமிலூடினியம் என்னும் ஒட்டுண்ணி தரும் வெல்வெட் நோயாக இருக்கக்கூடும், அது சில நாட்களிலேயே கொன்றுவிடும்.

உப்புக் குறைப்பு அந்த இடத்தில் கைகொடுப்பதில்லை, ஏனெனில் அமிலூடினியம் உப்பு குறைந்த நீரிலும் பிழைக்கும். வெண்புள்ளிக்கு மட்டுமென்றால், நீரின் ஒப்படர்த்தியை (உப்பளவைக் காட்டும், நன்னீருடன் ஒப்பிட்ட அடர்த்தியை) ஓரிரு நாளில் 1.009க்கு இறக்கி நான்கு வாரம் வைத்திருப்பது மீனுக்கு மென்மையான வழி. செவுள் புண்பட்ட மீனுக்கு உப்புச் சுமை குறைகிறது, நீரில் உயிர்வாயுவும் சற்றே அதிகம் கரைகிறது. நீரைக் குளிர்விக்கும் சில்லர் இல்லாத அடுக்குமாடி வீட்டில், 29 பாகைச் சூட்டில் தவிக்கும் மீனுக்கு இது சிறிய உதவியன்று. ஆனால் 1.012இல் நின்றுவிட்டால் சிகிச்சையே வீண். ஊசி ஆடும் மலிவான அளவியை நம்பாமல், ஒளிவிலகலால் உப்பளவைக் காட்டும் சரிபார்த்த ரிஃப்ராக்டோமீட்டர் வைத்திருப்பவரே இதில் இறங்கலாம். குறைந்த உப்பிலும் வாழும் வகைகள் தைவானின் மீன் பண்ணைகளில் பதிவாகியிருப்பதையும் மறக்கக் கூடாது.

தொட்டி மாற்றத்தில் மருந்தே இல்லை. ஒட்டுண்ணி கூட்டிலிருந்து வெளிவரக் குறைந்தது 3 நாள் ஆகும் என்பதால், 72 மணி நேரத்துக்கு ஒருமுறை மீனை மட்டும் உலர வைத்த தொட்டிக்கும் புதிய நீருக்கும் நான்கு முறை மாற்றினால், உதிர்ந்தவை எல்லாம் பழைய தொட்டியிலேயே நின்றுவிடும். வலை, ஏர் பம்ப் குழாய் யாவும் உலர்ந்திருக்க வேண்டும். ஈரக் கை ஒன்றே போதும், எல்லாம் கெட. கோமாளி மீன் போன்ற சிறியவை ஓரிரண்டு இருந்தால் இதுவே என் தேர்வு, ஏனெனில் இரு வாரத்துக்குள் முடிந்துவிடும். பெரிய டாங் மீனை இப்படித் துரத்திப் பிடிப்பது அதற்குத் தண்டனை. உப்புச் செலவு மட்டும் கணிசம். பினாங்கில் கரையோரக் கடல்நீரை மொண்டு வந்து மிச்சம் பிடிக்கலாமே என்று நினைப்பவர், சேறும் ஒட்டுண்ணியும் அதனுடன் வரும் என்பதைக் கணக்கில் கொள்ள வேண்டும்.

எந்த வழியைத் தேர்ந்தாலும் முதன்மைத் தொட்டியில் மீன் இல்லாமல் பவளத்தையும் பாறையையும் மட்டும் விட்டுவைக்க வேண்டும். கூடு 72 நாள் வரை காத்திருந்த பதிவு இருப்பதால், சுமார் 11 வாரம் என்பது பாதுகாப்பான கெடு.