வெயிலும் மெஷரும்: .223 ரெமிங்டனுக்கு எந்த மருந்து?

அமெரிக்காவின் தெற்கு டகோட்டா, மொன்டானா புல்வெளிகளில் பிரெய்ரி நாய் சுடப் போகிறவர் ஒரே நாளில் 200, 300 தோட்டாக்களைச் செலவழிப்பது சாதாரணம். பெயரில்தான் நாய், உண்மையில் வளை தோண்டி வாழும் அணில் இனம். எழுந்து நின்றாலும் ஒரு அடி உயரம்தான். அதை 250 கஜத்தில், ஜூலை மாத வெயிலில், நிழலே இல்லாத இடத்தில் சுட வேண்டும். .223 ரெமிங்டன் என்ற ரைஃபிள் தோட்டாவை வீட்டில் நிரப்புகிறவர் மருந்தை, அதாவது வெடிமருந்துத் தூளைத் தேர்ந்தெடுக்கும்போது இந்தக் காட்சியை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். அதிகபட்ச வேகம் என்ன என்று பட்டியலில் தேடுவது கடைசி வேலை. மருந்தை அளந்து கொட்டும் கருவியான மெஷரிலிருந்து எப்படி விழுகிறது, வெயிலில் எப்படி நடந்துகொள்கிறது என்பவைதான் முதல் இரண்டு கேள்விகள். (இந்தியாவில் தோட்டா தயாரிக்க 1959ஆம் ஆண்டின் படைக்கலச் சட்டப்படி உரிமம் வேண்டும், இங்கே பேசுவது முழுக்க அமெரிக்கச் சூழல்.)

போட்டியில் இருப்பவை ஐந்து: எச்335, சிஎஃப்இ 223, வார்கெட், பெஞ்ச்மார்க், ஐஎம்ஆர் 8208 எக்ஸ்பிஆர். முதல் இரண்டும் உருண்டைத் துகள் மருந்து, மற்ற மூன்றும் குச்சித் துகள் மருந்து. குண்டு 50 முதல் 55 கிரெயின் (பவுண்டில் 7,000இல் ஒரு பங்கு எடை ஒரு கிரெயின்), பிளாஸ்டிக் முனை கொண்டது. துப்பாக்கி போல்ட் வகை, அதாவது ஒவ்வொரு முறையும் கையால் போல்ட்டை இழுத்துத் தோட்டா ஏற்றுவது என்று வைத்துக்கொள்வோம்.

எச்335 பழைய ஆள். அமெரிக்க ராணுவத்தின் 55 கிரெயின் எம்193 தோட்டாவில் போன டபிள்யூசி 844 மருந்தின் சந்தை வடிவம் என்றே சொல்லலாம். மெஷரில் மணல் போல ஓடும். கைப்பிடியை ஒரே சீராக இழுத்தால் ஒவ்வொரு கூட்டிலும் (தோட்டாவின் பித்தளை உறை) அளவு 0.1 கிரெயினுக்குள் நிற்கும். ஒரு மாலையில் 500 கூடு நிரப்ப வேண்டியவருக்கு இது பெரிய வரம். விலையும் பெரும்பாலும் குறைவு. குறை எங்கே என்றால், வெயிலில். ஏப்ரல் மாதக் குளிரில் உச்ச அளவு வரை ஏற்றிப் பார்த்து, எல்லாம் சரியாக இருக்கிறது என்று 300 தோட்டா நிரப்பிவிட்டு, ஜூலையில் அதே தோட்டாவைச் சுடும்போது போல்ட்டைத் திறப்பது கனக்க ஆரம்பிக்கும், அழுத்தம் எகிறிவிட்டதன் அடையாளம் அது. மருந்து மாறவில்லை, அதன் சூடு மாறிவிட்டது. எச்335 எடுப்பவர் தன் அளவைச் சூடான நாளில்தான் முடிவு செய்ய வேண்டும். இல்லையென்றால் குளிரில் கண்டுபிடித்த உச்சத்துக்குக் கீழே தாராளமாக இடம் விட வேண்டும்.

சிஎஃப்இ 223யும் உருண்டைதான், ஓட்டமும் அதே போல. இதன் தனிச்சிறப்பு, குழலுக்குள் செம்பு படிவதைக் குறைக்கும் சேர்மானம். நாள் முழுக்கச் சுடுகிறவருக்கு அது உண்மையிலேயே பயன்படும். ஆனால் ஐந்தில் இது மெதுவாக எரியும் பக்கம் நிற்பது. 40 கிரெயின் போன்ற லேசான குண்டுக்குப் பின்னால் வைத்தால் முழுதாக எரியத் தேவையான அழுத்தம் எழாது. கரியும் எரியாத துகளும் மிஞ்சும். 55 கிரெயினும் அதற்கு மேலும் இதன் இடம். வெயில் விஷயத்தில் எச்335க்குச் சொன்ன எச்சரிக்கை இதற்கும் பொருந்தும்.

உருண்டை மருந்துகளின் மேல்பூச்சு தீப்பற்றுவதைத் தாமதப்படுத்துகிறது. அதனால் குளிர்காலத்தில் கொயோட்டி (ஓநாய் இனத்து விலங்கு) சுடப் போகிறவர்கள், மருந்தைப் பற்றவைக்கும் பிரைமரில் சுவாலை அதிகமான மேக்னம் வகைச் சிறு ரைஃபிள் பிரைமர் போடுவதுண்டு. பிரைமரை மாற்றினால் பழைய அளவு செல்லாது. கீழிருந்து மறுபடி ஏறி வர வேண்டும்.

வார்கெட்டைப் பற்றி நல்ல வார்த்தை மட்டுமே கேட்டிருப்பீர்கள். ஆஸ்திரேலியாவில் தயாராகி ஹாட்ஜ்டன் நிறுவனத்தின் பெயரில் விற்கும் இந்த மருந்து வெயிலுக்கும் குளிருக்கும் அசையாது, அதில் சந்தேகமில்லை. ஆனால் பிரெய்ரி நாய்த் தோட்டாவுக்கு இது சரியான தேர்வு அல்ல. நீளக் குச்சிகள் .22 கழுத்தின் வாயில் குறுக்கே விழுந்து பாலம் கட்டிக்கொள்ளும். ஒரு கூட்டில் பாதி மருந்துதான் இறங்கும். தங்கிய மீதி அடுத்த கூட்டில் சேர்ந்து விழுந்து வழியும். மெஷரின் உருளை குச்சிகளை நறுக்கும்போது கைப்பிடியில் நறநறப்பு தெரியும், அளவும் 0.2, 0.3 கிரெயின் ஆடும். 55 கிரெயின் குண்டுக்கு உச்ச அளவை நெருங்கும்போது கூடு கழுத்து வரை நிரம்பிவிடும். குண்டை அமர்த்தினால் மருந்து நசுங்கும். அதிகமாக நசுங்கினால் குண்டு மெல்ல மேலே தள்ளப்பட்டுத் தோட்டாவின் நீளம் மாறும். 69, 77 கிரெயின் போட்டிக் குண்டுகளுக்கு வார்கெட்டை வைத்துக்கொள்ளுங்கள். அங்கே அது ராஜா.

பெஞ்ச்மார்க்கும் 8208 எக்ஸ்பிஆரும் வெயில், ஓட்டம் என்ற இந்த இரண்டு சிக்கலையும் ஒன்றாகத் தீர்க்கப் பார்ப்பவை. இரண்டும் குட்டையாக நறுக்கிய குச்சி. இரண்டும் வெப்பநிலை மாற்றத்தைத் தாங்குபவை. பெஞ்ச்மார்க் சற்று வேகமாக எரியும். 40 முதல் 53 கிரெயின் வரை அருமை, .204 ரூகர் என்ற இன்னொரு தோட்டாவுக்கும் பொருந்தும். 8208 இன்னும் நுண்ணிய துகள், ஓட்டத்தில் உருண்டை மருந்துக்கு மிக அருகில் வருகிறது; 50, 55 கிரெயினில் வேகத்தையும் விட்டுக்கொடுப்பதில்லை. ஒன்றே ஒன்று வாங்க வேண்டுமென்றால் 8208. அது கிடைக்காத நாளில் பெஞ்ச்மார்க். பணமும் நேரமும் குறைவு, அளவைக் கோடையிலேயே சோதிக்கிறேன் என்பவருக்கு எச்335 தாராளமாகப் போதும்.

எதை எடுத்தாலும் அளவைத் தயாரிப்பாளரின் நடப்புப் பட்டியலிலிருந்து, அதே குண்டுக்கு, தொடக்க அளவிலிருந்து எடுங்கள், 0.2 அல்லது 0.3 கிரெயின் படியாக ஏறுங்கள். எரிவேக வரிசைப் பட்டியலில் இரண்டு மருந்து பக்கத்துப் பக்கத்தில் இருப்பதால் ஒன்றின் அளவை மற்றதற்குப் போடக் கூடாது. ராணுவக் கூடுகள் பலவற்றில் உள்ளிடம் குறைவு. ரெமிங்டன் கூட்டில் சரியாக இருந்த அளவு அதில் அழுத்தத்தைக் கூட்டிவிடும். .223க்கு வகுத்த உச்ச அழுத்தம் 55,000 பிஎஸ்ஐ. பிரைமர் தட்டையாவது, கூட்டின் அடியில் எஜெக்டர் (கூட்டை வெளியே தள்ளும் பாகம்) பதிந்த வட்டம் பளபளப்பது, போல்ட் கனப்பது எல்லாம் பெரும்பாலும் அந்த எல்லையைத் தாண்டிய பிறகே கண்ணுக்குத் தெரியும். அதனால் குண்டின் வேகத்தை அளக்கும் குரோனோகிராஃபை நம்புங்கள். உங்கள் குழல் நீளத்துக்குப் பட்டியல் காட்டும் உச்ச வேகத்தை எட்டிவிட்டால், கூட்டில் அடையாளம் இல்லாவிட்டாலும், அதுதான் உச்சம்.

வெயிலில் இன்னொரு பிழை அடிக்கடி நடக்கிறது. 20, 25 முறை தொடர்ந்து சுட்டுக் குழல் கொதிக்கும்போது அடுத்த தோட்டாவைத் துப்பாக்கியின் அறைக்குள் ஏற்றிவிட்டு, பிரெய்ரி நாய் வளையிலிருந்து தலை தூக்கட்டும் என்று காத்திருப்பது. அந்த ஓரிரு நிமிடத்தில் மருந்து அறையின் சூட்டை வாங்கிக்கொள்கிறது. 8208 ஆனாலும் அழுத்தம் ஏறும், குண்டு மேலே போய் விழும். இலக்கு தெரிந்த பிறகு ஏற்றுங்கள். தோட்டாப் பெட்டியை வண்டியின் பானட் மேல் வைக்காமல் நிழலில் வையுங்கள்.

ஒரு பவுண்டு 7,000 கிரெயின். ஒரு தோட்டாவுக்குச் சுமார் 25 கிரெயின் என்றால் 280 தோட்டா. அதாவது ஒரு பவுண்டு டப்பா ஒரு நல்ல நாளுக்குக்கூடக் காணாது. எட்டுப் பவுண்டு ஜாடி வாங்கினால் 2,240 தோட்டாவும் ஒரே லாட் எண்ணில் (ஒரே தயாரிப்புத் தொகுதியில்) முடியும். லாட் மாறினால் அளவைக் குறைத்து மறுபடி சோதிக்க வேண்டும் என்பதால் இது விலையைவிடப் பெரிய ஆதாயம். நிரப்பும் மேசையில் ஒரு நேரத்தில் ஒரே ஒரு டப்பா. 50 கூடு நிரம்பியதும் டார்ச் அடித்து எல்லாவற்றிலும் மருந்தின் மட்டம் ஒன்றா என்று பார்த்த பிறகே குண்டு அமர்த்துங்கள். வேலை முடிந்ததும் மெஷரில் மிஞ்சியதை அதே டப்பாவில் கொட்டிவிடுங்கள். எச்335 போன்ற மருந்தை இரவு முழுக்க விட்டால் பிளாஸ்டிக் தொட்டியைக் கெடுக்கும். காலையில் அது எந்த மருந்து என்பதும் நிச்சயமில்லாமல் போகும்.