ஆறு வருடம் போய் வந்த தத்துப் பெற்றோர் குழு: தோழி கேட்டதற்குப் பதில்

தோழி வீட்டுக்குத் தத்துப் பிள்ளை வந்து மூன்று வாரம். "நீங்க போற அந்த ஆதரவுக் குழு எப்படிக்கா? சேரலாமா?" என்று நேற்று ராத்திரி வாட்ஸ்அப்பில் கேட்டாள். ஒரு வரியில் பதில் போட உட்கார்ந்தேன், முடியவில்லை.

படிவம், வீட்டு ஆய்வு, நீதிமன்றம் எதிலும் நான் வாய் கொடுக்க மாட்டேன். நான் 2019இல் சிங்கப்பூரின் பழைய தத்தெடுப்புச் சட்டத்தில் எடுத்தவள். அவளுக்கு 2024 அக்டோபர் 15 முதல் நடப்பில் இருக்கும் புதுச் சட்டம். தாய்க்கு உள்ள 12 வாரத் தத்தெடுப்பு விடுப்பு மட்டும் மாறவில்லை. எனக்கு அந்த 12 வாரமும் பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு அழுவதில் போனது. ஆசைப்பட்டு எடுத்த பிள்ளை. யாரிடம் போய்ச் சொல்ல? அப்படித்தான் குழுவில் சேர்ந்தேன்.

மாதம் ஒரு சனிக்கிழமை. வட்டமாக நாற்காலி, டப்பாவில் பிஸ்கட், மைலோ. எல்லாரும் நல்லவர்கள். ஆனால் அந்த அட்டைகள்! அட்டைக்கு ஓர் உணர்ச்சியாக ஆங்கிலத்தில் அச்சடித்துத் தரையில் பரப்பி, "உங்களுடையதை எடுங்கள்" என்பார்கள். எங்கள் பெயர் போட்ட பிறப்புச் சான்றிதழைக் கையில் பிடித்துக்கொண்டே என் மாமியார், "யார் ஜாடைன்னே தெரியலையே" என்று சொன்ன வாரம் அது. எனக்குள் இருந்தது ஆற்றாமை. அதற்கு அட்டை இல்லை. 'சோகம்' எடுத்தேன். பக்கத்திலிருந்த மலாய்க்கார அக்கா முதுகைத் தடவினார். எனக்கு எரிச்சலாக வந்தது. இன்றுவரை அதே கட்டுதான். 'கோபம்' அட்டைக்கு மட்டும் ஓரம் நைந்துவிட்டது.

அன்று மனசு ஆறியது எங்கள் அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே. அங்கே ஒரு பாட்டி, சீனக் குடும்பத்தில் பிறந்து கைக்குழந்தையாகத் தமிழ் வீட்டுக்கு வந்தவர். அந்தக் காலத்தில் அப்படி வந்த சீனப் பெண் பிள்ளைகள் இங்கே நிறையப் பேர். மாமியார் சொன்னதைச் சொன்னேன். முருங்கைக்கீரையை உருவிக்கொண்டே, "என்னைக் கேட்டா, எங்கப்பா மூக்குன்னு சொல்லிருவேன்" என்றார். அப்பா தஞ்சாவூர்க்காரர். பாட்டியின் மூக்கைப் பார்த்து நான் சிரிக்க, அவருக்குக் கீரைத்தட்டே ஆடியது.

ஆக, குழுவுக்கு ஐந்துக்கு இரண்டு மதிப்பெண். ராத்திரியில் தாங்கவில்லை என்றால் மனநல உதவிக்கு 2025இல் தொடங்கிய 1771 தொலைபேசி எண் இருக்கிறது, 24 மணி நேரமும். 'சேராதே' என்று டைப் அடித்தேன்.

பிறகு ஒன்று ஞாபகம் வந்தது. மகள் நாலு வயதில் மின்தூக்கிக்குள், "அவங்க ஏம்மா என்னை வச்சுக்கல?" என்று கேட்டாள். அன்று நான் போன் போட்டது பாட்டிக்கு இல்லை, முதுகு தடவிய அந்த அக்காவுக்கு. அவர் மகனும் கேட்டிருந்தானாம், அதுவும் பேருந்தில், எல்லார் முன்னாலும்.

அழித்துவிட்டு இப்படி அனுப்பினேன்: "சனிக்கிழமை பத்து மணிக்கு எம்ஆர்டி ஸ்டேஷன் வாசல்ல நில்லு, சேர்ந்தே போவோம். கோபம் அட்டை எனக்கு. நீ வேற பாத்துக்க."