கறள் தின்ற எம்.ஜி.பி.யும் ஆரையம்பதிப் பட்டறையும்

மட்டக்களப்பில் பழைய காருக்கு எஞ்சின் வேலை செய்ய ஆள் தேடி அலைய வேண்டியதில்லை. கறள் பிடித்த தகட்டை வெட்டி நீக்கி, அதே தடிப்பில் புதிய தகடு வைத்து, உள்ளிருந்து வெளிநோக்கிச் சரிசெய்து தரும் டிங்கரிங் பட்டறையைக் கண்டுபிடிக்கத்தான் எனக்கு இரண்டு ஆண்டுகள் ஆயின. ஆரையம்பதியில், கல்முனை வீதியிலிருந்து கடற்கரைப் பக்கமாக இறங்கும் ஒழுங்கையொன்றில், பெயர்ப்பலகைகூட இல்லாமல் அந்தப் பட்டறை இருக்கிறது. என்னுடைய 1967ஆம் ஆண்டு எம்.ஜி.பி. காரை ஏழு மாதங்கள் அங்கே விட்டிருந்து, கிழமைக்கு ஒரு தடவையாவது போய் நின்று பார்த்தவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

கார் என் மாமாவுடையது. மலையகத்தில் தேயிலைத் தோட்டமொன்றை நிர்வகித்தவரிடமிருந்து 1974இல் அவர் அதை வாங்கினார். பின்னர் ஓட்டுவாரின்றி, கல்லடியில் எங்கள் வீட்டுக் கொட்டகையில் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக நின்றது. ஒரு புறம் கடல், மறு புறம் வாவி; இரண்டுக்கும் நடுவே நிற்கும் இரும்புக்கு வேறு பகை தேவையில்லை. காற்றில் வரும் உப்பு தகட்டின் மேல் படிந்து, ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். அந்த ஈரம் உப்பு நீராக இருப்பதால் கறள் பிடிப்பது பல மடங்கு விரைவாக நடக்கும். போதாக்குறைக்கு, ஒன்பது ஆண்டுகளுக்கு முன் வேறோர் ஊரிலுள்ள கராஜில் இதே காருக்கு 'பொடி வேலை', அதாவது வெளித்தகட்டு வேலை, செய்வித்திருந்தேன். பளபளவென்று வந்த அந்த வேலையின் உண்மை நிலை ஆரையம்பதியில்தான் வெளிப்பட்டது.

எம்.ஜி.பி. 1962 முதல் 1980 வரை இங்கிலாந்தின் அபிங்டன் நகரில் 5 இலட்சத்துக்கும் மேற்பட்ட எண்ணிக்கையில் செய்யப்பட்ட கார். அதற்கு லொறிக்கு இருப்பதைப் போலத் தனிச் சசி (அடிச்சட்டம்) கிடையாது. தகட்டுக் கூடுதான் முழுப் பாரத்தையும் தாங்குகிறது. கூரையில்லாத வகையில் அந்தப் பாரத்தின் பெரும்பகுதி, கதவுகளுக்குக் கீழே முன்னிருந்து பின்னுக்கு ஓடும் இரண்டு ஸில் பெட்டிகளின் மேல் விழுகிறது. வெளித்தகடு, நடுவில் நிமிர்ந்து நிற்கும் தகடு, தரையோடு சேர்ந்த உட்தகடு, அடியில் கோட்டை மதிலின் பல் வரிசையைப் போல மடிக்கப்பட்ட கீழ்ச்சட்டம் என நான்கும் சேர்ந்ததே ஒரு ஸில். வெளித்தகட்டில் ஒரு விரல் அளவு ஓட்டை தெரிந்தால், உள்ளே இருக்கும் மூன்றும் அதைவிட மோசமாக இருக்கும் என்பதே இந்தக் காரைப் பற்றி முதலில் அறிந்துகொள்ள வேண்டிய விடயம்.

பட்டறை நடத்தும் அண்ணன் இதை யாரும் சொல்லாமலே அறிந்திருந்தார். முதல் நாள் அவர் விலை எதுவும் பேசவில்லை. துணியில் சுற்றிய காந்தம் ஒன்றை எடுத்துக் காரின் உடம்பெங்கும் மெல்ல நகர்த்தினார். கதவுக்குப் பின்னால், பின்சக்கர வளைவுக்கு முன்னே ஒடுங்கி இறங்கும் இடத்தில் காந்தம் ஒட்டாமல் விழுந்தது. தகடு இருக்க வேண்டிய இடத்தில், பள்ளத்தை நிரப்பப் பூசும் பட்டி விரல் தடிப்புக்கு இருந்தது. காரின் அடியில் படுத்து ஸ்க்ரூ டிரைவரின் பிடியால் தட்டியவாறே, சத்தம் மந்தமாகும் இடங்களிலெல்லாம் சோக்கட்டியால் வட்டமிட்டார். எழுந்து வந்து, "இதுக்கு மேலால தகடு ஒட்டித் தரச் சொன்னா நம்மளால ஏலாது தம்பி. வெட்டிப் பாப்பம், பாத்துட்டுக் கதைப்பம்" என்றார். இந்தச் சொல்லுக்காகவே காரை அங்கே விட்டேன்.

அவர் பார்த்த வேலையின் சிறப்பை, வெட்டுவதற்கு முன் செய்தவற்றில்தான் காண வேண்டும். ஸில்லை அப்படியே அறுத்தெடுத்தால் காரின் நடுப்பகுதி தொய்ந்துவிடும். அதன் பிறகு எவ்வளவு நல்ல தகடு வைத்தாலும் கதவு பொருந்தாது. ஆகவே காரைச் சமனான சீமெந்துத் தரையில் அதன் சக்கரங்களிலேயே நிறுத்தி, மேசன்மார் பாவிக்கும் நீர்மட்டக் குழாயைக் கொண்டு நான்கு மூலைகளின் உயரத்தையும் எடுத்துச் சுவரில் எழுதிவைத்தார். கதவு வாசலின் முன் தூணுக்கும் பின் தூணுக்கும் இடையே கோண இரும்புச் சட்டங்களைக் குறுக்காக வைத்துத் தற்காலிகமாக வெல்டிங் செய்தார். ஒரு பக்கம் முற்றாக முடியும் வரை மறுபக்கத்தைத் தொடவில்லை. ஒவ்வொரு கட்டத்திலும் கதவைப் பூட்டித் திறந்து, இடைவெளியை அளந்து பார்த்தார்.

வெளித்தகட்டைக் கழற்றிய அன்று என்னைத் தொலைபேசியில் அழைத்து, வந்து பார்த்த பின்னரே மேற்கொண்டு வெட்டுவதாகச் சொன்னார். நான் போனபோது பெட்டியின் உள்ளே இருந்தவை ஒரு பழைய சாக்கில் பரப்பப்பட்டிருந்தன: முன் மட்கார்டின் பின்புறத்தில் இறப்பர் உக்கிய வழியாக ஆண்டாண்டாக வந்து சேர்ந்த சேறு, கையால் நொறுக்கக்கூடிய கறள் செதில்கள், முந்திய கராஜில் ஓட்டையை அடைக்கத் திணித்த பத்திரிகைத் தாள்கள், அவற்றின் மேல் பூசிய பைபர். நடுத்தகட்டின் கீழ்ப்பாதி இல்லவே இல்லை. இரும்பு கறளாகும்போது அதன் பருமன் பல மடங்கு பெருகுவதால், ஒட்டியிருந்த இரண்டு தகடுகள் விளிம்பு நெடுகிலும் பிளந்து நின்றன. ஒன்பது ஆண்டுகளாக நான் இதன் மேல் அமர்ந்துதான் பாசிக்குடா வரை ஓட்டிப் போய் வந்தேன் என்று நினைத்தபோது எனக்கு உடல் நடுங்கியது.

புதிய ஸில் தகடுகளையும் கீழ்ச்சட்டங்களையும் இங்கிலாந்திலிருந்து நானே வருவித்துக் கொடுத்தேன். அவற்றை ஒழுங்காகப் பொருத்த வேண்டுமானால், முன்பக்க மட்கார்டைக் கழற்றவும், பின் மட்கார்டின் அடிப்பகுதியை வெட்டித் திறக்கவும் வேண்டும். ஏனெனில் வெளித்தகட்டின் இரு முனைகளும் அவற்றுக்குப் பின்னால் மறைந்து செல்கின்றன. இதைச் செய்யாமல், தெரியும் நீளத்துக்கு மட்டும் தகடு அடித்துத் தருவோர் பலர். இவர் திறந்தார். தொழிற்சாலையில் புள்ளி வெல்டிங் இருந்த இடங்களில் மேல் தகட்டைத் துளைத்து, துளைகளை மிக் வெல்டிங்கால் நிரப்பி, பழைய கட்டமைப்பின் முறையிலேயே இணைத்தார். ஒன்றன்மேல் ஒன்று படியும் விளிம்புகளுக்கு, சூட்டைத் தாங்கும் துத்தநாகப் பூச்சை முன்கூட்டியே பூசினார்.

பட்டறை மூன்று பக்கமும் திறந்த தகரக் கொட்டகை. மிக் வெல்டிங்கில் உருகிய இரும்பைக் காற்றிலிருந்து காப்பது அதைச் சூழ்ந்து வரும் வாயுதான். கச்சான் காற்று வீசும் மாதங்களில் அந்த வாயு கலைந்து போய், வெல்டிங் சிறு சிறு துளைகளோடு பொத்தலாக நிற்கும். அதற்காக முக்கியமான வெல்டிங் ஓட்டங்களை விடிந்ததும் காற்று எழுமுன் செய்வதையும், எஞ்சியவற்றுக்குத் தறப்பாள் கட்டுவதையும் வழக்கமாக வைத்திருக்கிறார். வேலை இழுபட்டதற்கு இதுவும் ஒரு காரணம். பொத்தலான ஓர் ஓட்டத்தை என் கண்முன்னே அரைத்தெடுத்துத் திரும்பவும் போட்டதைப் பார்த்ததால், அந்தத் தாமதத்தைப் பற்றி எனக்குக் குறையில்லை.

பின் மட்கார்டின் அடிப்பகுதியைக் கையாலேயே செய்தார். மணல் மூட்டையின் மேல் 0.9 மில்லிமீற்றர் தகட்டை வைத்து, மரச் சுத்தியலால் குழிவு எடுத்து, கடதாசி அச்சோடு ஒப்பிட்டு ஒப்பிட்டு இரண்டு நாட்கள் செலவிட்டார். பொருத்தும்போது ஓர் அங்குலத்துக்கு ஒரு புள்ளியாக, ஒரு முனையில் ஒன்று மறுமுனையில் ஒன்று என்று இடம் மாற்றி வைத்து, ஒவ்வொன்றும் தானாக ஆறும் வரை பொறுத்திருந்தார். ஒரே ஓட்டமாக இழுத்திருந்தால் சூட்டில் தகடு நெளிந்து, அந்த நெளிவை மறைக்கவே மறுபடி பட்டி தேவைப்பட்டிருக்கும். இப்போது அந்த இடத்தில் அதே காந்தம் இறுகப் பிடிக்கிறது. இருக்கைகளுக்குப் பின்னால், இரண்டு 6 வோல்ட் பற்றரிகள் இருக்கும் பெட்டிகள் அமிலத்தால் அரிபட்டிருந்தன. அவற்றையும் தரையின் இரு பகுதிகளையும் புதிதாக மடித்துப் போட்டார்.

குறைகளையும் சொல்ல வேண்டும். மூன்று மாதமென்று சொன்ன வேலை ஏழு மாதமானது. அதில் இரண்டு மாதங்கள், வேறு வாகனங்கள் உள்ளே வந்ததால் என் கார் தொடப்படாமலே கிடந்தது. எழுத்தில் மதிப்பீடு தருவதில்லை. ஸில்லின் உட்புறத்துக்கு அடிக்க வேண்டிய மெழுகை அவர் வைத்திருக்கவில்லை. கொழும்பிலிருந்து நான் எடுத்து வந்து, நீண்ட குழாய் வழியாக இருவருமாகச் செலுத்தினோம். இந்த ஊரின் காற்றில் அது இல்லாமல் பெட்டியை மூடுவது செய்த வேலையை வீணாக்குவதற்குச் சமம் என்பதால், அங்கே போகிறவர்கள் கட்டாயம் தாங்களே கொண்டு செல்ல வேண்டும். பெயின்ட் வேலையை அங்கே கொடுக்க வேண்டாம். தூசு புகும் கொட்டகையில் அதற்கு வசதியில்லை என்று அவரே சொல்வார். எனக்கு எபொக்சி பிரைமர் என்ற அடிப்பூச்சை மட்டும் அடித்துத் தந்தார். பட்டி ஈரத்தை உறிஞ்சும் தன்மையுடையது என்பதால் அதை வெறும் இரும்பின் மேல் பூசாமல் பிரைமருக்கு மேலேதான் பூசினார்.

கூலியும் தகடும் வாயுவும் சேர்த்து 6 இலட்சத்து 80 ஆயிரம் ரூபா கொடுத்தேன்; இங்கிலாந்திலிருந்து வந்த பாகங்களின் விலை இதில் அடங்காது. வெட்டிப் பார்த்த பிறகு சொன்ன தொகையிலிருந்து ஒரு ரூபாகூட ஏறவில்லை. வெட்டுவதற்கு முன் தொகை கேட்டு நிற்பவர்களோடு அவருக்கு ஒத்துவராது.

கார் வீட்டுக்கு வந்தபின் ஒரு மாரி முழுவதும் கடந்துவிட்டது. தை மாதத்தில் மழை ஓய்ந்ததும் ஸில்லின் அடியிலுள்ள நீர்வடி துவாரங்களைக் கம்பியால் குத்திப் பார்த்தேன். கறள் நீர் வரவில்லை, மெழுகு ஒட்டிய கம்பிதான் வந்தது. வலப்பக்க முன் மட்கார்டின் கீழ் மூட்டில் மட்டும், இடுக்கை அடைக்கும் சீலர் ஒரு சாண் நீளத்துக்கு விட்டுப்போயிருந்தது. படம் எடுத்து அனுப்பினேன்; ஞாயிற்றுக்கிழமை காலையில் கொண்டு வரச் சொல்லியிருக்கிறார், காசு வேண்டாமாம்.