கரண்ட் இல்லாத சாளையில் ஒரு ஃபிரிட்ஜ்: பேட்டரியைவிட பேனலுக்குச் செலவு செய்யுங்கள்

தாராபுரம் பக்கம் எங்கள் தோட்டத்துச் சாளைக்கு, அதாவது தோட்டத்து வீட்டுக்கு, வீட்டு இணைப்பு கிடையாது. கிணற்று மோட்டாருக்கு விவசாய இணைப்பு இருக்கிறது, ஆனால் அதிலிருந்து வீட்டுக்கு வயர் இழுப்பது வம்பை விலைக்கு வாங்குகிற வேலை, மும்முனை கரண்ட் வருகிற நேரமும் நம் கையில் இல்லை. அதனால் 2022 கோடையில் 40 லிட்டர் 12 வோல்ட் கம்ப்ரஸர் ஃபிரிட்ஜ், 150 ஆம்பியர்-ஹவர் (ஒரு ஆம்பியரை ஒரு மணி நேரம் எடுத்தால் ஒரு ஆம்பியர்-ஹவர்) டியூபுலர் சோலார் பேட்டரி, 165 வாட் பேனல், பேனல் தருவதை முடிந்தவரை வாங்கிப் பேட்டரிக்கு ஏற்றும் 30 ஆம்பியர் எம்பிபிடி சார்ஜ் கன்ட்ரோலர் என்று ஒரு செட் போட்டேன். அடுத்த ஐப்பசி மழைக்கு முன்னால் அதே அளவில் இன்னொரு பேனல் சேர்ந்தது. அன்றிலிருந்து ஃபிரிட்ஜ் ராப்பகலாக ஓடுகிறது. உள்ளே பால், தோசை மாவு, ஞாயிற்றுக்கிழமை கறி, அம்மாவின் இன்சுலின்.

வாங்கப் போகிறவர்கள் முதலில் ஒன்றைக் கவனியுங்கள். இதே தோற்றத்தில் பாதி விலைக்கும் குறைவாக 'கார் கூலர்' என்று விற்கிறார்கள், அதில் கம்ப்ரஸர் இருக்காது, கரண்ட் பாய்ந்தால் ஒரு பக்கம் குளிர்கிற பெல்டியர் சில்லுதான். வெளிச் சூட்டைவிட 20 டிகிரி குறைத்தால் அதிகம், அதற்கே நாள் முழுக்க நிற்காமல் நாலைந்து ஆம்பியர் இழுக்கும். சித்திரை வெயிலில் 38 டிகிரி இருக்கும்போது உள்ளே 18 டிகிரி என்றால் பால் திரியத்தான் செய்யும். சோலாரில் ஓட்டுவதாக இருந்தால் அந்தப் பக்கமே போகாதீர்கள்.

கம்ப்ரஸர் ஃபிரிட்ஜும் ஓடும்போது நாலு ஆம்பியர் பக்கம்தான் இழுக்கிறது, ஆனால் விட்டு விட்டு ஓடும். கோடை மதியத்தில் பாதி நேரத்துக்கு மேல் ஓடுகிறது, மார்கழி இரவில் மணிக்குக் கால் மணி நேரம் ஓடினாலே பெரிது. என் கணக்கில் கோடையில் நாளுக்கு 40 ஆம்பியர்-ஹவர், குளிர் மாதங்களில் 25. அதாவது 12 வோல்ட்டால் பெருக்கினால் கோடையில் நாளுக்குக் கிட்டத்தட்ட அரை யூனிட். வீட்டில் இருக்கும் 180 லிட்டர் ஒற்றைக் கதவு ஃபிரிட்ஜின் ஸ்டார் லேபிளைப் பாருங்கள், அதிலுள்ள வருடக் கணக்கை நாளுக்கு வகுத்தால் அதுவும் ஏறக்குறைய அவ்வளவுதான்! இந்தச் சின்னப் பெட்டிகளின் சுவரில் இன்சுலேஷன் மெல்லிசு, அதுதான் காரணம். அப்படியானால் பெரிய ஃபிரிட்ஜையே வைத்துவிடலாமே என்று கேட்பீர்கள். அதற்கு இன்வெர்ட்டர் வேண்டும், கம்ப்ரஸர் கிளம்பும்போது அடிக்கிற கரண்டைத் தாங்குகிற அளவில் வேண்டும், அது சும்மா ஆன் ஆகிக் கிடப்பதற்கே எந்நேரமும் பத்து பதினைந்து வாட் தின்னும். இருபத்து நாலு மணி நேரத்துக்குக் கூட்டிப் பார்த்தால் ஃபிரிட்ஜின் செலவில் பாதிக்கு மேல் அதற்கே போகும். நேரடியாக 12 வோல்ட்டில் ஓடுவதன் லாபம் அங்கேதான்.

இப்போது பேட்டரிக்கு வருகிறேன். கார் பேட்டரி இதற்கு ஆகாது, அது சில நொடிகள் பெரிய கரண்ட் கொடுத்து இன்ஜினைக் கிளப்பச் செய்தது, தினமும் பாதி வரை இறக்கி ஏற்றினால் சீக்கிரமே படுத்துவிடும். டீப் சைக்கிள் என்று வரும் டியூபுலர் வகை தடித்த தகடுகள் கொண்டது, இந்த வேலைக்கே ஆனது. ஆனால் அதையும் பாதிக்குக் கீழே இறக்காமல் இருந்தால்தான் ஆயுசு. 150 என்றால் நமக்குப் பயன்படுவது 75 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு இரவுக்கு ஃபிரிட்ஜ் எடுப்பது கோடையிலும் 15, 16 தான், ஆகவே இது தாராளம். காலை ஆறு மணிக்கு, வெயில் ஏறுமுன், கம்ப்ரஸர் நின்றிருக்கும் நேரமாகப் பார்த்து வோல்டேஜைப் பார்ப்பேன். 12.4 இருந்தால் கவலையில்லை, 12.2க்கு வந்துவிட்டால் பாதி காலி.

கடைக்காரர்கள் எல்லோரும் 'மழைக்காலத்துக்கு இன்னொரு பேட்டரி போடுங்க' என்றுதான் சொல்வார்கள். எனக்கு இதில் உடன்பாடே இல்லை. ஈய பேட்டரியைக் கெடுப்பது பெரும்பாலும் ஒருநாள் ஆழமாக இறங்குவது அல்ல, வாரக்கணக்கில் முழு சார்ஜ் ஏறாமல் கிடப்பதுதான். அப்படிக் கிடந்தால் தகடுகளில் சல்பேட் இறுகி, அதன் கொள்ளளவே குறைந்துவிடும். பேனலைக் கூட்டாமல் பேட்டரியை மட்டும் கூட்டினால், நிரப்ப வேண்டிய பாத்திரம் பெரிதாகிறதே தவிர வருகிற தண்ணீர் அதேதான். ஒற்றைப் பேனல் இருந்தபோது நல்ல வெயில் நாளிலேயே மாலை நாலு மணிக்குத்தான் கன்ட்ரோலர், முழு சார்ஜ் நெருங்கியதைக் காட்டும் 14.4 வோல்ட்டைத் தொடும், கொஞ்சம் மேகம் போட்டால் அன்றைக்கு முழு சார்ஜ் கிடையாது. இரண்டாவது பேனல் வந்தபிறகு மதியத்துக்குள் முடிந்துவிடுகிறது, மூடாக்கு நாளிலும் ஓரளவு ஏறுகிறது. அடைமழையில் வருவது கொஞ்சம்தான், ஆனாலும் அது அன்றைய செலவில் பெரும்பங்கைக் கொடுத்துவிடுவதால் பேட்டரி நாலைந்து நாள் வண்டியை ஓட்டுகிறது.

பேனல் விஷயத்தில் இன்னொன்று, 165 வாட் என்று எழுதியிருப்பது 25 டிகிரி சூட்டில் அளந்தது. நம் ஊர் மதியத்தில் பேனலின் உடம்பு 60 டிகிரிக்கு மேல் போகும், அங்கேயே பத்துப் பதினைந்து சதவீதம் அடிபடும். அதனால் கூரையோடு ஒட்டி வைக்காமல் காற்றோட்டம் விட்டு, தெற்குப் பார்த்து பத்துப் பன்னிரண்டு டிகிரி சாய்வில் வையுங்கள். ஆடிக் காற்றைப் பற்றி எங்கள் பக்கத்து ஆட்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, ஜிஐ பைப் ஸ்டாண்டைக் கான்கிரீட்டில் ஊன்றியிருக்கிறேன். அந்தக் காற்று கொண்டுவரும் புழுதியைக் கழுவ போர் தண்ணீர் வேண்டாம், உப்புக் கறை கண்ணாடியில் வெள்ளையாகப் படிந்து லேசில் போகாது. மழைத் தண்ணீரில் நனைத்த துணி போதும், அதுவும் வெயில் ஏறுமுன். அப்புறம் நிழல். ஜூனில் தலைக்கு வடக்கே போகும் சூரியன் மார்கழியில் தெற்கே நன்றாகச் சரிந்துவிடுவதால், கோடை முழுக்கத் தொந்தரவே தராத தென்னை அப்போது மூன்று மணிக்கெல்லாம் பேனல்மேல் ஒரு மட்டையின் நிழலைப் போடும். மட்டைதானே என்று விட முடியாது, சில செல்கள் மறைந்தாலே அந்தப் பேனலின் வரத்து பாதிக்குமேல் விழுந்துவிடும். இடம் பார்க்கும்போது டிசம்பர் நிழலையும் மனதில் வைத்துப் பாருங்கள்.

எல்லாவற்றையும்விட அதிகம் படுத்தியது வயர். ஃபிரிட்ஜோடு வந்தது காரின் சிகரெட் லைட்டர் சாக்கெட்டுக்கான மெல்லிய வயர், அதை நீட்டி ஆறு மீட்டர் தூரத்துக்குக் கடை எலக்ட்ரீஷியன் போட்டுவிட்டுப் போனதும் 1.5 சதுர மில்லிமீட்டர். பேட்டரி முனையில் மல்டிமீட்டர் 12.3 காட்டும், அதே நேரம் கம்ப்ரஸர் கிளம்பியதும் ஃபிரிட்ஜின் திரையில் 11.6. ஃபிரிட்ஜ் 'பேட்டரி காலி' என்று நினைத்து நின்றுவிடும், நின்றதும் வோல்டேஜ் ஏறும், மறுபடி கிளம்பும், மறுபடி நிற்கும். ராத்திரி முழுக்க இந்தக் கூத்து. போகவும் வரவும் 12 மீட்டர் செம்பு, நாலரை ஆம்பியர் என்று கணக்குப் போட்டால் 0.6 வோல்ட் வயரிலேயே போகிறது. 4 சதுர மில்லிமீட்டர் வயர் மாற்றி, சாக்கெட்டைத் தூக்கிவிட்டு ஸ்க்ரூ இணைப்பு கொடுத்து, பேட்டரி பக்கத்திலேயே ஒரு ஃபியூஸும் போட்டபிறகு இழப்பு கால் வோல்ட்டுக்குள் வந்துவிட்டது. பேட்டரி கெட்டுவிட்டது என்று மாற்றுகிறவர்களில் எத்தனை பேருக்கு வயர்தான் காரணமோ!

ஃபிரிட்ஜைப் பற்றிக் குறை என்றால், அடியில் உறைகிறது, மேலே சூடு. 3 டிகிரி வைத்தால் அடித்தட்டில் சுவரை ஒட்டிய தக்காளி விறைத்துவிடும், கம்ப்ரஸருக்கு மேலே இருக்கும் மேடையில் 6, 7 காட்டும். இன்சுலின் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும், உறைந்தால் தூக்கி எறிய வேண்டியதுதான், ஆகவே அது மேடையில் டப்பாவுக்குள், பக்கத்தில் தனி தெர்மாமீட்டரோடு. பகலில் வெயில் இருக்கும்போது 2 டிகிரியும் இரவுக்கு 5ம் வைத்துவிடுவேன், மூன்று நாலு தண்ணீர் பாட்டில்களை உள்ளேயே விட்டால் அந்தக் குளிர்ச்சி இரவில் கம்ப்ரஸரின் வேலையைக் குறைக்கிறது. விசிறித் துவாரத்துக்கு ஒரு சாண் இடைவெளி விடுங்கள், கொசுவலைத் துண்டு ஒன்றும் கட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் கதகதப்புக்குப் பல்லி குடியேறும்.

பேட்டரிக்கு டிஸ்டில்டு வாட்டர் கோடையில் மாதம் ஒருமுறை பார்க்க வேண்டும். ஆசிட்டின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டரில் முழு சார்ஜில் பேட்டரியின் எல்லா செல்லும் 1.240 பக்கம் இருந்தது, இப்போது ஒரு செல் மட்டும் சற்றுப் பின்தங்குகிறது. மாற்றும் நேரம் வந்தால் 100 ஆம்பியர்-ஹவர் லித்தியம் போடுவேன். ஐம்பது கிலோவுக்கு மேல் கனக்கிற இப்போதைய பேட்டரியைப் போல அதைத் தூக்க ஆள் தேட வேண்டாம், லித்தியத்தில் 80, 90 வரை எடுக்கவும் செய்யலாம். விலைதான் யோசிக்க வைக்கிறது. போடுகிறவர்கள் கன்ட்ரோலரில் லித்தியம் செட்டிங்கை மாற்றி, ஈய பேட்டரிக்கு அவ்வப்போது கூடுதல் வோல்டேஜில் ஏற்றுகிற ஈக்வலைசேஷனை அணைத்துவிட்டுத்தான் இணைக்க வேண்டும், பேனல்களும் வயரும் அப்படியே இருக்கலாம்.